நங்கூரச் சங்கிலி வாங்கும்போது



சென்ற மாதம் சிறுதொழில் செய்பவர்களின் வருமானவரிப் படிவங்கள் பற்றிப் பேசியிருந்தேன். நிகழ்ச்சி முடிந்த கையோடு ஓர் அன்பர் நிலையத்துக்குத் தொலைபேசி எடுத்தார். வெஸ்ரேண் போர்ட் குடாவில் ஒரு வேலைப் படகில் பங்காளியாக இருப்பவர். மிதவைகளைப் பராமரிப்பது, சுழியோடிகளைக் கொண்டுபோய் விடுவது, சாமான் ஏற்றுவது என்று அந்தப் படகுக்கு நாளாந்தம் வேலை இருக்கிறது. "அண்ணை, படகுக்குப் புதுசா நங்கூரச் சங்கிலி வாங்கப் போறம். அதை இந்த வருசச் செலவிலயே முழுக்கப் போடலாமோ?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்கு மறுமொழி சுருக்கமானது. ஓடிக்கொண்டிருக்கும் படகில் தேய்ந்துபோன சங்கிலிக்குப் பதிலாக அதே மாதிரிச் சங்கிலி போட்டால் அது பொதுவாகத் திருத்தச் செலவு. பழைய படகு ஒன்றை வாங்கியவுடன், வாங்கும்போதே கெட்டிருந்த சங்கிலியை மாற்றினால் அது மூலதனச் செலவின் பக்கம் போகும். உங்கள் கணக்காளரிடம் பற்றுச்சீட்டைக் கொடுத்தால் அவர் பார்த்துக்கொள்வார்.

ஆனால் நான் திருப்பிக் கேட்ட கேள்விக்குத்தான் அவரிடம் பதில் இருக்கவில்லை. "என்ன சங்கிலி வாங்கப் போறியள்?" என்றேன். "சங்கிலி சங்கிலிதானே அண்ணை, எது மலிவோ அதை வாங்குவம்" என்றார். இன்றைய பேச்சு அந்தப் பதிலைப் பற்றியது. நான் கப்பலோட்டி அல்ல, வணிகவியல் படித்துக் கணக்கெழுதிப் பிழைப்பவன். ஆனாலும் பல வருடங்களாகப் படகுச் சொந்தக்காரர்கள் சிலரின் கணக்குகள் என் மேசைக்கு வருகின்றன. பற்றுச்சீட்டுகளைப் பார்த்தாலே எந்தப் படகு எதற்காகக் காசை விடுகிறது என்று தெரிந்துவிடும். அதன் பிறகு கேட்டும் படித்தும், கடைகளிலும் படகுத்துறையிலும் கையால் தொட்டுப் பார்த்தும் அறிந்துகொண்டவற்றைத்தான் சொல்கிறேன்.

ஊரில் சிறு வள்ளங்களுக்குக் கயிறும் கொளுவி நங்கூரமும் போதுமாக இருந்தன. கல்லைக் கட்டி இறக்கியவர்களும் உண்டு. இங்கே வேலைப் படகு என்பது பல தொன் நிறையுள்ள சாமான், அதில் மூன்று நான்கு பேரின் உயிரும் இருக்கிறது. இயந்திரம் நின்றுவிட்டால் அந்தப் படகுக்கும் கரைப் பாறைக்கும் இடையில் இருக்கும் ஒரே பிடிப்பு நங்கூரமும் அதன் சங்கிலியும்தான். உல்லாசப் படகுக்காரர் வாரக் கடைசியில் ஒருமுறை நங்கூரம் போடுவார். வேலைப் படகு ஒரே நாளில் நான்கு ஐந்து தடவை போட்டு எடுக்கும். ஆகவே உல்லாசப் படகுகளுக்காக எழுதப்பட்ட ஆலோசனைகளை அப்படியே எடுத்துக்கொண்டால் சரிவராது.

முதலில் இலக்கங்களைப் பார்ப்போம். சங்கிலியில் கிரேட் 30, கிரேட் 40, கிரேட் 70 என்று போட்டிருப்பார்கள். அவுஸ்திரேலியக் கடைகளில் 'கிரேட் எல்' என்று எழுத்திலும் சொல்வார்கள், அது 30 என்ற வகுப்பைக் குறிப்பது. இந்த எண்ணைப் பத்தால் பெருக்கினால், சங்கிலி அறும் வேளையில் அதன் இரும்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீற்றரும் எத்தனை நியூட்டன் விசையைத் தாங்கும் என்பது கிடைக்கும். 10 மில்லிமீற்றர் கம்பியில் செய்த வளையத்துக்கு இரண்டு கால்கள், இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 157 சதுர மில்லிமீற்றர். கிரேட் 30 என்றால் அந்தச் சங்கிலி அறுவதற்கு ஏறத்தாழ 4.8 தொன் இழுவை வேண்டும். கிரேட் 40 என்றால் 6.4 தொன். 13 மில்லிமீற்றரில் கிரேட் 30 வாங்கினால் 8.1 தொன். இதை வீட்டிலேயே ஒரு கணிப்பானை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

கடையில் ஏமாறும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. சங்கிலியின் அட்டையில் பெரும்பாலும் 'வேலைச் சுமை' என்ற எண்தான் பெரிதாக இருக்கும். அறும் சுமையை நான்கால் வகுத்து அதைப் போடுவோரும் உண்டு, மூன்றால் வகுத்துப் போடுவோரும் உண்டு. அமெரிக்க வழக்கில் கிரேட் 30 சங்கிலிக்கு நான்கு, கிரேட் 43 சங்கிலிக்கு மூன்று. இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் வைத்து எண்ணை ஒப்பிட்டால், ஒரு நிறுவனத்தின் மொத்த இலாபத்தையும் இன்னொன்றின் தேறிய இலாபத்தையும் ஒப்பிட்டது போலாகும். அறும் சுமை என்ன என்று கேளுங்கள். அதைச் சொல்லத் தெரியாத கடைக்காரரிடம் கயிறு வாங்கலாம், சங்கிலி வாங்கவேண்டாம்.

வலுக்கூடிய கிரேட்டில் மெல்லிய சங்கிலி வாங்கினால் காசும் மிச்சம், பாரமும் மிச்சம் அல்லவா என்று கேட்கலாம். வேகமாக ஓடும் இரட்டையுடல் படகுகளுக்கு அது நியாயமான கேள்விதான், முன்பக்கத்தில் பாரம் கூடினால் ஓட்டம் கெடும். ஆனால் மெதுவாக ஓடும் பாரமான வேலைப் படகுக்குச் சங்கிலியின் பாரமே ஒரு பாதுகாப்பு. சங்கிலி கீழே தொய்ந்து கடலடியில் படுத்திருக்கும் வரைக்கும் நங்கூரத்தின் தண்டு கிடையாக இழுபட்டு மண்ணுக்குள் நன்றாகப் பிடிக்கும். தண்டு மேலே தூக்கப்பட்டால் பிடி கழரும். கடும் காற்றில் எந்தச் சங்கிலியும் நேராகிவிடும் என்பது உண்மை, ஆனால் அதற்கு முந்திய நேரமெல்லாம் அலையின் குலுக்கலை அந்தத் தொய்வுதான் வாங்குகிறது. 10 மில்லிமீற்றர் சங்கிலி மீற்றருக்கு ஏறத்தாழ 2.3 கிலோ, 13 மில்லிமீற்றர் சங்கிலி ஏறத்தாழ 3.8 கிலோ. 60 மீற்றருக்கு வித்தியாசம் 90 கிலோ வரை வரும்.

தேய்மானத்தின் கணக்கும் தடித்த சங்கிலிக்குச் சாதகமானது. துருவும் உராய்வும் சேர்ந்து கம்பியின் விட்டத்தில் 2 மில்லிமீற்றரைத் தின்றுவிட்டன என்று வையுங்கள். 10 மில்லிமீற்றர் சங்கிலி தன் இரும்பில் 36 வீதத்தை இழந்திருக்கும். 13 மில்லிமீற்றர் 28 வீதத்தையும், 16 மில்லிமீற்றர் 23 வீதத்தையும் இழந்திருக்கும். துருவுக்குத் தடிப்பும் தெரியாது, கிரேட்டும் தெரியாது, எல்லோரிடமும் ஒரே அளவு வரியையே அறவிடும்.

இனி முலாம் பற்றிப் பார்ப்போம். கல்வனைஸ் என்று நாம் சொல்வது இரும்பின் மேல் துத்தநாகம் பூசுவது. துத்தநாகத்துக்குப் பழைய ஆங்கில வியாபாரிகள் 'டியூட்டனாக்' என்று ஒரு சொல் வைத்திருந்தார்கள். நம் பக்கத்து மொழிகளில் இருந்து போர்த்துக்கேயர் வழியாகப் போன சொல் என்று அகராதிகள் கூறுகின்றன. அது நிற்க, பூசுவதில் இரண்டு விதம் உண்டு. ஏறத்தாழ 450 பாகை செல்சியஸில் உருகிய துத்தநாகத் தொட்டிக்குள் சங்கிலியை முழுதாக அமிழ்த்தி எடுப்பது ஒன்று. மின்சாரத்தால் மெல்லிய படலம் ஏற்றுவது மற்றது. அமிழ்த்தி எடுத்ததில் படலம் பல பத்து மைக்ரோன் தடிப்பாக இருக்கும், இரும்போடு கலந்து உருவாகும் அடுக்குகள் அடியிரும்பைவிடக் கடினமாகவும் இருக்கும். மின்முலாம் பொதுவாக அதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். துத்தநாகம் தான் கரைந்து இரும்பைக் காப்பது, ஆகவே எவ்வளவு தடிப்போ அவ்வளவு ஆயுள்.

கடையில் எப்படி அடையாளம் காண்பது? பளபளவென்று வழுவழுப்பாக, சிலவேளை நீலமோ மஞ்சளோ தட்டுவதாக இருந்தால் மின்முலாம். மங்கிய சாம்பல் நிறத்தில், கொஞ்சம் சொரசொரப்பாக, அங்கங்கே துளி உறைந்த அடையாளத்தோடு இருந்தால் அமிழ்த்தி எடுத்தது. பார்வைக்கு மின்முலாம்தான் அழகு, அதனால்தான் விற்பனையும் ஆகிறது. அது வாசல் கேற்றுக்கும் பூந்தொட்டி தொங்கவிடவும் நல்ல சங்கிலி.

அப்படியானால் துருவே பிடிக்காத ஸ்ரெயின்லெஸ் ஸ்ரீல் சங்கிலி வாங்கினால் தொல்லை இல்லையே என்று பலர் நினைக்கிறார்கள். 'துருப்பிடிக்காத' என்ற பெயர் பாதி உண்மைதான். அந்த உருக்கில் உள்ள குரோமியம் காற்றிலும் நீரிலும் உள்ள ஒட்சிசனைப் பிடித்து, கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைத் தன்மேல் போர்த்திக்கொள்கிறது. சேற்றுக்குள் புதைந்தால் அங்கே ஒட்சிசன் இல்லை, தோல் கிழிந்தால் திரும்ப மூடாது. உப்பு அந்த இடத்தில் ஊசிக்குத்துப் போலத் துளை போட்டுக்கொண்டு உள்ளே போகும். வளையமும் வளையமும் உரசும் இடுக்கிலும், சரியாகத் துப்புரவு செய்யாத ஒட்டிலும் இதுவே நடக்கும். 304 என்ற வகை கடலுக்கு ஆகாது. 316 வகையில் 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் சேர்ப்பதால் அது கூடத் தாங்கும், ஆனாலும் சேற்றில் நெடுநேரம் கிடக்கும் வேலைக்கு அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். டூப்ளெக்ஸ் என்ற வகை உண்மையிலேயே நல்லது, விலையும் அதற்கேற்றது.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. காந்தம் ஒட்டாவிட்டால் நல்ல ஸ்ரெயின்லெஸ் என்று சிலர் சட்டைப்பையில் காந்தத்தோடு கடைக்குப் போவார்கள். 304 வகையிலும் காந்தம் ஒட்டாது, 316 வகையிலும் ஒட்டாது. மூன்றிலும் சிறந்த டூப்ளெக்ஸில் ஒட்டும். காந்தத்தை நம்பியவர் நல்லதை வைத்துவிட்டு வருவார்! உருக்காலையின் சான்றிதழைக் கேட்பதுதான் வழி.

ஸ்ரெயின்லெஸ்ஸில் என்னைப் பயப்படுத்துவது விலை அல்ல. கல்வனைஸ் சங்கிலி கெடுவதற்கு முன் சிவந்து காட்டும், கையில் பொடி ஒட்டும், ஆள் கவனிப்பான். ஸ்ரெயின்லெஸ் பளபளத்துக்கொண்டே உள்ளே அரிக்கப்பட்டு ஒருநாள் சொல்லாமல் அறும்.

இரண்டையும் கலப்பது அதைவிட மோசம். என் வாடிக்கையாளர் ஒருவரின் படகில் நல்ல கல்வனைஸ் சங்கிலிதான் இருந்தது. ஆனால் நங்கூரத்தையும் சங்கிலியையும் இணைக்கும் சுழலிணைப்பை ஸ்ரெயின்லெஸ்ஸில் வாங்கிப் போட்டிருந்தார்கள். கடல் நீரில் இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொண்டிருந்தால் மின்கலம் போல வேலை நடக்கும், இங்கே கரைந்து போவது துத்தநாகம், பிறகு இரும்பு. ஓர் இரவு தென்மேற்குக் காற்று திடீரென்று திரும்பியபோது, இணைப்பில் இருந்து மூன்றாவது வளையத்தில் சங்கிலி அறுந்தது. படகில் மூன்று பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அசைவு மாறியதை உணர்ந்து எழும்பி இயந்திரத்தை இயக்கியதால் ஆட்கள் தப்பினார்கள். படகு மணல் திட்டில் உரசி, சுழலியின் தண்டு வளைந்து, இரண்டு கிழமை வேலை நின்றது.

அதன் பிறகுதான் கணக்காளனின் பங்கு வந்தது. காப்புறுதி நிறுவனம் சங்கிலியின் விபரத்தையும் பராமரிப்புப் பதிவையும் கேட்டது. கோவையில் இருந்த பற்றுச்சீட்டில் 'சங்கிலி, 60 மீற்றர்' என்று மட்டும் எழுதியிருந்தது. கிரேட் இல்லை, உற்பத்தித் தொகுதி இலக்கம் இல்லை, சோதனைச் சான்றிதழ் இல்லை. மூன்று மாதம் கடிதப் போக்குவரத்து நடந்தது. அவுஸ்திரேலியாவின் 1909 ஆம் ஆண்டு கடல்சார் காப்புறுதிச் சட்டப்படி, கடலுக்குத் தகுதியில்லாத நிலையில் படகைத் தெரிந்துகொண்டே அனுப்பினால், அந்தக் குறையால் வந்த இழப்புக்குக் காப்புறுதி பொறுப்பல்ல. 'தெரிந்துகொண்டே' என்ற சொல்லைச் சுற்றித்தான் அந்த மூன்று மாதமும் கழிந்தது. ஆகவே சங்கிலி வாங்கும்போது சான்றிதழையும் வாங்குங்கள், பற்றுச்சீட்டில் அளவு, கிரேட், முலாம் மூன்றையும் எழுதுவியுங்கள். 2013 யூலை முதலாம் திகதி முதல் உள்நாட்டு வர்த்தகப் படகுகள் எல்லாம் தேசியச் சட்டத்தின் கீழ் வந்துவிட்டன, பாதுகாப்பு முகாமைத்துவப் பதிவுகள் வைத்திருப்பது கட்டாயம். அந்தப் பதிவில் சங்கிலிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கினால் போதும்.

அளவுப் பொருத்தம் பற்றி ஒரு வார்த்தை. நங்கூரம் இழுக்கும் வின்ச்சில் வளையங்கள் உட்காரும் பள்ளங்கள் கொண்ட ஒரு சில்லு இருக்கும். 10 மில்லிமீற்றர் சங்கிலி என்று கேட்டால் போதாது. டின் 766 என்ற ஜெர்மன் அளவில் வளையத்தின் உள்நீளம் 28 மில்லிமீற்றர், ஐஎஸ்ஓ 4565 என்ற சர்வதேச அளவில் 30 மில்லிமீற்றர். இரண்டு மில்லிமீற்றர்தானே என்று மாற்றிப் போட்டால் சங்கிலி பள்ளத்தில் உட்காராமல் ஏறும், பாரம் கூடியவுடன் வழுக்கிக்கொண்டு ஓடும். அதைக் கையால் பிடிக்கப் போய் விரல் இழந்தவர்கள் படகுத்துறைகளில் இருக்கிறார்கள். வின்ச்சின் கையேட்டைப் பார்த்தோ, பழைய சங்கிலியில் ஒரு துண்டைக் கொண்டுபோயோ வாங்குங்கள்.

இப்போது விலைக்கு வருவோம். கடைக்குக் கடை மாறும் என்பதால் டொலர்க் கணக்குச் சொல்லாமல் ஒரு பேச்சுக்கு விகிதத்தில் சொல்கிறேன். பெயர் தெரியாத மலிவுச் சங்கிலி 100 என்று வையுங்கள், மூன்று வருடம் உழைக்கிறது, வருடத்துக்கு 33. சான்றிதழோடு அமிழ்த்தி முலாமிட்ட சங்கிலி 170, ஏழு வருடம் உழைத்தால் வருடத்துக்கு 24. அதையே ஏழாம் வருடத்தில் 60 கொடுத்து மறுபடி முலாமிட்டு இன்னும் ஐந்து வருடம் பாவித்தால் வருடத்துக்கு 19 அளவில் வரும். ஸ்ரெயின்லெஸ் 600 என்று வைத்து, பதினைந்து வருடம் உழைத்தாலும் வருடத்துக்கு 40. உங்கள் கடை விலையையும் உங்கள் கடலடியையும் போட்டு இதே கணக்கைச் செய்து பாருங்கள். சங்கிலி மாற்றும் நாளில் படகு உழைக்காது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், மலிவுச் சங்கிலிக்கு அந்த நாள் அடிக்கடி வரும்.

மறுமுலாம் இடுவதற்கு முன் சில விடயங்கள் கவனிக்கவேண்டும். எல்லாத் தொழிற்சாலையும் சங்கிலியை ஏற்பதில்லை. சூட்டோடு உதறி எடுக்காவிட்டால் வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், ஆகவே சங்கிலி செய்து பழகிய இடமா என்று கேளுங்கள். புது முலாம் போன இரும்பைத் திருப்பித் தராது, தேய்ந்த சங்கிலி வெள்ளையாகித் திரும்பி வரும், அவ்வளவுதான். வெப்பப் பதமிட்டு வலுக்கூட்டிய கிரேட் 70 போன்றவற்றை உற்பத்தியாளரின் எழுத்துமூல அனுமதி இல்லாமல் கொடுக்கவேண்டாம். துருவைக் கழுவும் அமிலத்தால் வலுக்கூடிய உருக்கு நொறுங்கும் தன்மை அடையலாம், தொட்டியின் சூட்டில் அதன் பதமும் குறையலாம். 30 வகைக்கு இந்தத் தலையிடி இல்லை. எனக்கு அந்தச் சாதாரணச் சங்கிலியில் விருப்பம் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெரிய கப்பல்களின் சங்கிலியைப் பார்த்தவர்கள், அதில் முலாமே இல்லையே, கறுப்புப் பூச்சுத்தானே என்று கேட்பார்கள். அவை நடுவில் தண்டு வைத்த பெரிய வளையங்கள், தேய்வதற்கென்றே இரும்பு மிச்சமாக இருக்கிறது. 27.5 மீற்றர், அதாவது நம் கடலோடிகள் கணக்கில் 15 பாகம், ஒரு துண்டாக இணைத்து வைத்திருப்பார்கள்.

அந்தக் கப்பல்களின் விதி ஒன்றை நாமும் பாவிக்கலாம். வளையத்தின் மிகத் தேய்ந்த இடத்தில் சராசரி விட்டம் 12 வீதம் குறைந்தால் மாற்றவேண்டும் என்பது வகுப்பு நிறுவனங்களின் விதி. 13 மில்லிமீற்றர் சங்கிலிக்கு அது 11.4 மில்லிமீற்றர், அப்போதே இரும்பில் கால்வாசி போய்விட்டது. அளக்கவேண்டிய இடம் வளையத்தின் பக்கவாட்டு அல்ல, வளையமும் வளையமும் தொடும் தலைப்பகுதி. இரண்டு திசையில் அளந்து சராசரி எடுங்கள். நங்கூரப் பக்கத்தின் முதல் சில மீற்றர்கள்தான் மணலில் அதிகம் அரைபடுகின்றன, ஆகவே வருடத்துக்கு ஒருமுறை சங்கிலியைத் தலைமாற்றிப் போட்டால் தேய்வு பங்கிடப்படும். கரிய சேறும் கூழ்முட்டை மணமும் உள்ள இடத்தில் அடிக்கடி நங்கூரம் போடுபவர்கள் இன்னும் கவனமாகப் பாருங்கள். அந்தச் சேற்றில் ஒட்சிசன் இல்லாமலே இரும்பை அரிக்கும் பக்ரீரியாக்கள் இருக்கின்றன. முடிந்தபோதெல்லாம் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், சங்கிலி அறையின் வடிகால் அடைபடாமல் பாருங்கள். ஈர உப்பும் சூடும் அடைபட்ட காற்றும் சேர்ந்த அந்த அறை, கடலைவிடச் சங்கிலிக்குப் பொல்லாத இடம்.

இணைப்புக் கொளுவியையும் சுமை பொறித்த கல்வனைஸ் கொளுவியாகவே வாங்கி, அதன் ஆணியைக் கல்வனைஸ் கம்பியால் கட்டிவிடுங்கள். பிளாஸ்ரிக் பட்டியால் கட்டும் பழக்கம் இருக்கிறது, அவுஸ்திரேலிய வெயிலில் அது சில மாதத்தில் உக்கிவிடும்.

சங்கிலியின் மறுமுனையைப் படகோடு கொளுவியால் பூட்டாமல், வலுவான கயிற்றால் கட்டுங்கள். அந்தக் கயிறு மேல்தளம் வரை வரும் நீளம் இருக்கவேண்டும். நங்கூரத்தை விட்டுவிட்டு ஓடவேண்டிய அவசரம் வந்தால், கீழே அறைக்குள் இறங்காமல் மேலே நின்றபடியே கத்தியால் அறுத்துவிடலாம். கத்தியையும் பக்கத்திலேயே ஓர் உறையில் வைத்துவிடுங்கள்.

அடுத்த மாதம் ஓய்வூதிய நிதி பற்றி நேயர்கள் அனுப்பிய கேள்விகளோடு வருகிறேன். அதுவரை விடைபெறுகிறேன். வணக்கம்.